படகில் இருந்தவர்கள் இரண்டு பேர் மட்டும் அல்ல: என்ரிகா லெக்சி வழக்கில் செய்தித்தாளும் ராஜதந்திரமும்

குழித்துறை ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து கேரள எல்லை வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் எட்டு ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. இந்த ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள். வீடு இருப்பது தமிழ்நாட்டில். படகு கட்டிக் கிடப்பது பெரும்பாலும் கொச்சியிலோ நீண்டகரையிலோ. பங்குக் கோயில்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பேச்சில் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் மண்.

இந்த நிலவியலைச் சொல்லாமல், இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்த என்ரிகா லெக்சி வழக்கைச் சொல்ல முடியாது. இந்தியாவும் இத்தாலியும் ஒன்பது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு வழக்கில் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எந்த இடத்தில் வந்தார்கள், எந்த இடத்தில் விடுபட்டார்கள் என்பதற்கு விடை இந்தக் கரையில்தான் இருக்கிறது. செய்தித்தாள் சமூகத்துக்கு என்ன செய்கிறது, நாடுகளுக்கு இடையிலான உறவில் அதன் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நடந்தது

2012 பிப்ரவரி 15, மாலை சுமார் நாலரை மணி. கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு சென்றுகொண்டிருந்தது. முதல் பதிவுகளின்படி அதில் இருந்தவர்கள் 11 பேர். பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்தது இத்தாலியக் கொடி பறந்த 'என்ரிகா லெக்சி' என்ற எண்ணெய்க் கப்பல். கடற்கொள்ளையர் அச்சம் மிகுந்திருந்த காலம் அது. இத்தாலியச் சட்டப்படி கப்பலின் காவலுக்கு ஆறு கடற்படை வீரர்கள் ஏறியிருந்தார்கள். கப்பலிலிருந்து துப்பாக்கி வெடித்தது. படகைச் செலுத்திக்கொண்டிருந்தவர் இறந்தார். அவர் கொல்லத்தில் வசித்தவர். முன்பக்கத்தில் இருந்த இளைஞரும் இறந்தார். அவர் இரவிபுத்தன்துறைக்காரர். படகின் உரிமையாளர் பூத்துறைக்காரர்.

படகு நீண்டகரைக்குத் திரும்பியது. அங்குள்ள கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. பயணத்தைத் தொடர்ந்துகொண்டிருந்த கப்பல் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. பிப்ரவரி 19 அன்று மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரு வீரர்களைக் கேரளக் காவல்துறை கைது செய்தது.

முதல் வாரத்தின் சொற்கள்

எந்தச் சர்வதேசத் தகராறிலும் முதல் நான்கைந்து நாள்களில் அச்சேறும் சொற்களே பிறகு பல ஆண்டுகள் அரசுகளின் வாயில் இருக்கும். இந்த வழக்கில் அப்படி மூன்று சொற்கள்.

முதலாவது, 'கொள்ளையர்'. கொள்ளையர் படகு என்று கருதி எச்சரிக்கைக்குச் சுட்டோம் என்பது இத்தாலியத் தரப்பு. படகில் ஆயுதம் இல்லை, நாங்கள் மீனவர்கள் என்பது உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம். இத்தாலியச் செய்தித்தாள்கள் முதலாவதை முன்வைத்தன. மலையாள, தமிழ் நாளிதழ்கள் இரண்டாவதை. அதே நாளில் கொச்சி அருகே 'ஒலிம்பிக் ஃபிளேர்' என்ற கிரேக்கக் கப்பலும் கொள்ளையர் முயற்சி பற்றித் தகவல் கொடுத்திருந்தது. சுட்டது வேறு கப்பலாக இருக்கலாம் என்ற வாதம் இத்தாலிய ஊடகங்களில் நெடுநாள் உயிரோடு இருந்ததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, 'மரோ'. கடற்படைக் காலாள் வீரரை இத்தாலிய மக்கள் அழைக்கும் செல்லப்பெயர் அது. 'இரண்டு மரோக்கள்' என்று அங்குள்ள நாளிதழ்கள் எழுதத் தொடங்கியதும், குற்றம் சாட்டப்பட்ட இருவர் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். நகராட்சிக் கட்டடங்களில் பதாகைகள் தொங்கின. சட்டைகளில் மஞ்சள் நாடாக்கள் ஏறின. 2012 அக்டோபரில் இந்தியாவில் நடந்த கார்ப் பந்தயத்தில் ஃபெராரி அணியின் கார்கள் இத்தாலியக் கடற்படைக் கொடியின் சின்னத்தோடு ஓடின. அதற்கு நம் வெளியுறவு அமைச்சகம் அதிருப்தி தெரிவிக்க வேண்டியிருந்தது. பந்தயக் காரின் மூக்கில் ஒட்டிய ஒரு சின்னத்துக்கு ஓர் அரசு பதில் சொல்கிறது என்றால், அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது சொல்தான் எனக்கு வலிக்கிறது. 'கேரள மீனவர்கள்'. சம்பவம் நடந்தது கேரளக் கரைக்கு அப்பால், வழக்குப் பதிவானது கேரளத்தில், கைது செய்ததும் கேரளக் காவல்துறை. ஆகவே தேசிய நாளிதழ்களிலும் வெளிநாட்டு நாளிதழ்களிலும் இறந்த இருவரும் பெரும்பாலும் கேரள மீனவர்களாகவே வந்தார்கள். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு இது அடுத்த மாநிலத்துச் செய்தி. இறந்தவர்களில் ஒருவரும் படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்துக்காரர்கள் என்பது நம்மூர்ப் பதிப்பின் பக்கங்களைத் தாண்டி அதிகம் போகவில்லை.

இது யாருடைய வஞ்சகமும் அல்ல. செய்தித்தாள் பதிப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. பதிப்பு மாவட்ட எல்லையைப் பார்க்கிறது. நிருபர் தன் எல்லைக்குள் நடந்ததை எழுதுகிறார். தூத்தூர்க்காரனின் வாழ்க்கையோ மாவட்ட எல்லைக்குள் அடங்குவதில்லை. அவன் பிறப்பது ஒரு பதிப்பில், வேலை செய்வது இன்னொரு பதிப்பில், சாவது எந்தப் பதிப்பிலும் சேராத கடலில்.

இந்த இடத்தில் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தில் 'தினமலர்' நாளிதழைத் தொடங்கினார். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற குரலுக்கு அச்சில் இடம் வேண்டும் என்பது அந்த முயற்சியின் நோக்கம். 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் இணைந்து குமரி மாவட்டம் பிறந்தது. 1957-இல் அந்த நாளிதழ் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்று வாதாடுவதற்காகவே நாளிதழ் கண்ட மண் இது. அதே மண்ணின் கடலோடி, எல்லைக்கோடு விழுந்த பிறகு அச்சில் தன் ஊர்ப்பெயரை இழந்தான் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஒரு செய்தி முகமையின் சில வரிகள்

கைதுக்கு முந்தைய நாள், பிப்ரவரி 18 அன்று, கேரளக் கத்தோலிக்கர்களின் ஒரு பிரிவான சீரோ மலபார் திருச்சபையின் அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆலஞ்சேரி ரோமில் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். வத்திக்கானைச் சார்ந்த ஃபீதேஸ் செய்தி முகமை, இந்த விவகாரத்தில் அவர் கேரளத்தின் கத்தோலிக்க அமைச்சர்களோடு பேசியதாகப் பொருள்படும் செய்தியை வெளியிட்டது. கேரளத்தில் தீப்பற்றிக்கொண்டது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று கர்தினால் மறுத்தார். முகமையும் செய்தியைத் திரும்பப் பெற்றது.

இறந்த இருவரும் கத்தோலிக்கர்கள். கடற்கரை ஊர்களில் பங்குக் கோயில்தான் முதல் அரசாங்கம்; இழவு வீட்டுக்கு முதலில் வருபவர் பங்குத்தந்தை. அப்படிப்பட்ட இடத்தில் 'திருச்சபை இத்தாலியின் பக்கமா?' என்ற கேள்வியை ஒரு முகமைச் செய்தி எழுப்பிவிட்டது. அமைதியாகப் பேசி முடிக்க ஏதாவது கதவு திறந்திருந்தால், அது அன்றே மூடியது என்பது என் கணிப்பு. மார்ச் 17 அன்று பிறவம் சட்டமன்ற இடைத்தேர்தல் வேறு காத்திருந்தது. இத்தாலிக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு தலைப்பு வருவதை எந்தக் கட்சி தாங்கும்?

தலைநகர் டெல்லியிலும் இதே கதைதான். அன்றைய ஆளுங்கட்சியான காங்கிரசின் தலைவர் சோனியா காந்தி பிறந்த நாடு இத்தாலி. ஆகவே இந்திய அரசு ஒவ்வொரு சலுகையையும் நாளைய முதல் பக்கத்தை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டியிருந்தது. அங்கே ரோமிலும் அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. எந்த அரசும் 'மரோ'க்களைக் கைவிட்ட அரசு என்ற பெயரை விரும்பவில்லை.

தூதரை நிறுத்திவைத்த பத்து நாள்

வழக்கின் உச்சம் 2013 மார்ச். 2012 கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்வரக் கேரள உயர் நீதிமன்றம் 6 கோடி ரூபாய் பிணையின்பேரில் அனுமதித்தது. வீரர்கள் சொன்னபடி திரும்பினார்கள். 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்துக்கு விசாரணை அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நாட்டின் ஆட்சிக் கடல். சம்பவம் நடந்தது அதற்கு அப்பால், 24 மைலுக்குள் அடங்கும் அடுத்த வளையத்தில். அங்கே மாநிலக் காவல்துறையின் கை நீளாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிப்ரவரி 22 அன்று, இத்தாலியத் தேர்தலில் வாக்களிக்க நான்கு வார அனுமதி கிடைத்தது. இந்த முறை அவர்கள் திரும்புவதற்கு இத்தாலியத் தூதர் டேனியேலே மன்சினி உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்தார். மார்ச் 11 அன்று இத்தாலி, வீரர்கள் திரும்பமாட்டார்கள் என்று அறிவித்தது.

அடுத்த பத்து நாள்களின் இந்திய நாளிதழ்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு மறக்காது. பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் விளைவுகள் இருக்கும் என்று எச்சரித்தார். மார்ச் 14 அன்று, அனுமதியின்றித் தூதர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இது சாதாரணம் அல்ல. தூதரின் உடல் தீண்டத்தகாதது, அவரைக் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்பாட்டின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான அடித்தளமே அது. நம் நீதிமன்றத்தின் பார்வை வேறு: நீதிமன்றத்துக்குத் தானே வந்து வாக்குக் கொடுத்தவர் அந்தப் பாதுகாப்பைக் காட்டி நழுவ முடியாது. கோபத்தில் அன்று நானும் இந்த உத்தரவை மனமாரப் பாராட்டினேன். இன்று யோசித்தால் வேறு தோன்றுகிறது. வளைகுடாவிலும் ஈரானிலும் படகு வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள ஒரே துணை அங்குள்ள இந்தியத் தூதரகம்தான். தூதர்களின் பாதுகாப்பு வலுவாக இருப்பது மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவை. அன்றைய நாளிதழ்களில் இதைச் சொன்ன குரல்கள் மிகக் குறைவு.

மார்ச் 22 அன்று வீரர்கள் டெல்லிக்குத் திரும்பினார்கள். மரண தண்டனை இராது என்று இந்தியா கொடுத்த உறுதி அதற்கு வழி செய்தது. நான்கு நாள் கழித்து, திருப்பி அனுப்பியதை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி பதவி விலகினார். இரு நாட்டு அரசுகளும் தத்தம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு முன் மாறி மாறி முகம் இழந்த பத்து நாள் அது.

அதன் பிறகு வழக்கு மெல்ல மெல்ல முதல் பக்கத்திலிருந்து இறங்கியது. பேச்சுவார்த்தைக்குக் காற்று கிடைத்ததும் அப்போதுதான். கடல்சார் தீவிரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வீரர்கள்மீது வழக்கு நடத்தும் முயற்சியை 2014 பிப்ரவரியில் மத்திய அரசு கைவிட்டது. 'தீவிரவாதி' என்ற சொல்லை ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாக எதிர்த்திருந்தது. உடல்நலக் குறைவால் லத்தோரே 2014 செப்டம்பரில் இத்தாலிக்குப் போனார். 2015-இல் இத்தாலி கடல் சட்ட உடன்படிக்கையின்கீழ் நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. ஜிரோனே 2016 மே மாத இறுதியில் ஊர் திரும்பினார். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா சேர்வதற்கு இத்தாலி முட்டுக்கட்டை போடுவதாக 2015-இல் நாளிதழ்கள் எழுதியிருந்தன. 2016 ஜூன் 27 அன்று இந்தியா அதில் உறுப்பினர் ஆனது. தேதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நீண்டகரையில் பதிவான ஒரு கொலை வழக்கு ஏவுகணை வரை போனதாக டெல்லி நிருபர்கள் எழுதியதை இரவிபுத்தன்துறையில் ஒரு வீட்டார் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தீர்ப்பில் இருந்த ஒரு வரி

நடுவர் தீர்ப்பாயத்தின் 2020 மே 21 தேதியிட்ட தீர்ப்பு ஜூலை 2 அன்று வெளியே தெரிந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல், கொரோனா ஊரடங்கில் ஈரானில் தவித்த 600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை, பெரும்பாலும் தமிழ்நாட்டு மீனவர்களை, தூத்துக்குடியில் இறக்கியிருந்தது. அவர்களில் பலர் குமரிக் கரைக்காரர்கள். நம் மக்களைப் பொறுத்தவரை வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லியில் யாரோ கை குலுக்கும் படம் அல்ல என்பதற்கு அந்த வாரத்து நாளிதழ்களே சாட்சி.

நடுவர் தீர்ப்பாயம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அரசுப் பணியில் இருந்த வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்றது. அதே தீர்ப்பு, 'செயின்ட் ஆன்டனி'யின் கப்பலோட்டச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது என்றும் சொன்னது. இழப்பீடு யார் யாருக்கு? உயிரிழப்புக்கும், உடல் பாதிப்புக்கும், பொருள் சேதத்துக்கும், படகின் தலைவரும் பணியாளர்களும் அடைந்த மன வேதனைக்கும்.

கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். படகின் பணியாளர்கள். ஹேக் நகரத்து நடுவர் மன்றத்தின் பதிவில் அவர்கள் இருந்தார்கள். தொகை பேசும்போது மறைந்துபோனார்கள். இரு அரசுகளும் ஒப்புக்கொண்டது 10 கோடி ரூபாய். 2012-இல் கருணைத் தொகையாகக் கொடுத்த 2.17 கோடி ரூபாய்க்கு மேல் இது. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி. படகு உரிமையாளருக்கு 2 கோடி. நான்கும் நான்கும் இரண்டும் பத்து. கணக்கு முடிந்தது.

உயிரோடு திரும்பியவர்கள்? தலைக்கு மேல் குண்டு பறந்த படகில், இரண்டு பிணங்களோடு கரை வந்து சேர்ந்தவர்கள்? ஒன்பது ஆண்டுகளாக நாளிதழ்கள் 'இரு மீனவர் கொலை வழக்கு' என்றே எழுதிவந்தன. அந்தத் தலைப்பு தவறில்லை. ஆனால் ஒரு தலைப்பு ஒன்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானால் அதுவே கணக்குப் புத்தகம் ஆகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் என்றால் இருவர், அப்புறம் உடைமை இழந்த ஒருவர் என்று அனைவர் மனத்திலும் பதிந்துவிட்டது. தொகை பிரித்தவர்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் பிரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உயிர் பிழைத்தவர்களின் கதையை நாம் எழுதியிருந்தால், அவர்களை மறந்துவிட்டுக் கணக்கை மூடுவது அத்தனை எளிதாக இருந்திருக்காது என்கிறேன்.

படகில் ஒரு சிறுவனும் இருந்தான், அவன் பெயர் பட்டியலில் வராமலே போனது என்று அவன் குடும்பத்தார் முறையிட்டதும் இந்தக் காலத்தில்தான் வெளிவந்தது. எத்தனை நிருபர்கள் எத்தனை முறை எழுதிய படகு அது! அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையே நாம் ஒழுங்காக எண்ணவில்லை.

மீனவர்கள் தாங்களே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2021 ஆகஸ்டில் உரிமையாளருக்கான 2 கோடியை வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. 2022 நவம்பரில், ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அந்தத் தொகையிலிருந்தே கொடுக்கவும், மீதி 1.55 கோடியை உரிமையாளர் பெறவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ரோம் நீதிமன்றம் தன் பங்குக்கு விசாரணையை முடித்து வைத்திருந்தது.

ஒக்கிப் புயலையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, கடலில் காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்று நாளிதழ்கள் ஆளுக்கொரு எண் எழுதிக்கொண்டிருந்தபோது, பங்குக் கோயில்கள் வீடு வீடாகப் பெயர் எடுத்துப் பட்டியல் தயாரித்தன. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகே கோயில்களின் பட்டியல் அச்சில் மதிப்புப் பெற்றது. ஆளை எண்ணும் வேலையைப் பங்குத்தந்தைகள் செய்தார்கள். அது நிருபரின் வேலையும்தான்.

ஆகவே என் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்பது பேரின் குடும்பங்களும் இன்னும் நம் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் தூத்தூர்க் கரைக்குப் போய்ச் சேரலாம். முதலில் அவர்களுடைய விருப்பத்தைக் கேட்க வேண்டும். பேச விரும்புகிறவர்களிடம் அன்று மாலை நாலரை மணிக்குப் படகின் எந்தப் பக்கம் படுத்திருந்தார்கள், விழித்தபோது முதலில் எதைக் கண்டார்கள், கரை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். ஊர்ப்பெயர் ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் இருக்க வேண்டும்.